கோட்டின் மேல் விழுந்த முத்திரை

தேர்தல் அன்றைக்கு எங்கள் ஏழு பேரின் ஓட்டு மட்டும் பெட்டிக்குள் விழவில்லை. ஆளுக்கொரு உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்து, தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அந்த ஏழு உறைகளைப் பிரிப்பதா வேண்டாமா என்பதில்தான் எங்கள் குடும்பங்களின் அடுத்த சில மாதம் போனது.

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலை. அதில் மூட்டை பிடிக்கும் பிரிவில் எனக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவன், மகள் பத்தாவது படிக்கும்வரை அங்கேயே இருந்தேன். ஒருநாள் பகல் ஷிப்டில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் கை மூட்டை ஓடும் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. அவரை வண்டியில் ஏற்றி அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே பெல்ட்டை மறுபடி ஓட்டச் சொன்னார்கள். ரத்தத்தைக்கூட அப்போது கழுவியிருக்கவில்லை. நாங்கள் ஓட்டமாட்டோம் என்று வெளியே வந்து கேட்டில் உட்கார்ந்தோம். நிறையப் பேர் உட்கார்ந்தோம். சஸ்பெண்ட் ஆனது ஏழு பேர்.

ஆலையில் இரண்டு சங்கம். பழைய சங்கத்துக்கு விளக்குச் சின்னம், எங்களுடையதற்கு ஏணி. எந்தச் சங்கம் நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடுவது என்பதை ரகசிய ஓட்டெடுப்பில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஏணி ஜெயித்தால் ஏழு பேரையும் உள்ளே எடுப்பதுதான் முதல் கோரிக்கை என்று எங்கள் சங்கம் சொல்லியிருந்தது. விளக்குக்காரர்கள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விசாரணை நடக்கிறது, அது முடியட்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஓட்டுச்சாவடியில் நாங்கள் போய் நின்றதும் தகராறு ஆரம்பித்தது. சஸ்பெண்டில் இருப்பவன் தொழிலாளியே இல்லை, அவனுக்கு ஏது ஓட்டு என்றார்கள். தேர்தலை நடத்த திருச்சியிலிருந்து வந்திருந்த தொழிலாளர் துறை அதிகாரி ஒரு அம்மா. சத்தம் போடாதவர். ஓட்டுப் போட வருகிறவர்களைத் தடுக்க முடியாது, இவர்கள் ஓட்டு தனியாக இருக்கட்டும், அது தேவைப்பட்டால் பிறகு தீர்மானிப்போம் என்றார்.

தேவைப்பட்டது. பெட்டியில் விழுந்ததை எண்ணி முடித்தபோது விளக்கு நான்கு ஓட்டு முன்னால் இருந்தது. வெளியே இருந்ததோ ஏழு.

அப்புறம் அந்த அம்மாவின் ஆபீசுக்கும் ஊருக்குமாக அலைந்தோம். எங்கள் சங்கத்தின் சார்பில் மேஜையில் உட்காரும் ஏஜெண்டாக என்னைத்தான் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு விசாரணைக்கும் போவேன். எதிர்த்தரப்பு வக்கீல் ஏதாவது தாளைக் கொடுப்பார், தள்ளிவைப்பார்கள். குன்னம் பக்கத்தில் எங்கள் ஊர். சஸ்பெண்டில் தரும் பாதிச் சம்பளமும் ஒழுங்காக வராமல் போனபின் நானும் என் மனைவியும், வெங்காயத்தைச் சேர்த்துவைக்கும் பட்டறைக்கு அதன் காய்ந்த தாளை அறுக்கும் கூலிக்குப் போனோம். ஆலையில் கொடுத்த நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவேன், நல்ல சட்டை வீணாகக் கூடாதென்று. பட்டறைக்காரர் ஒருநாள், உங்களையெல்லாம் இங்க பார்ப்பேன்னு நெனைக்கல என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றைக்குப் பிறகு அந்தச் சட்டையைப் போடவில்லை.

வீட்டில் இரண்டு ஆடு இருந்தது, விலைக்குப் போனது. மகள் டியூஷனை நிறுத்திவிட்டு, தானே படித்துக்கொள்வதாகச் சொன்னாள். என் மனைவி எதற்கும் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராத்திரியில் அவள் தூங்காமல் கிடப்பது எனக்குத் தெரியும், நான் தூங்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். உறையைப் பிரித்தால் போதும் என்பது ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. ஏழில் ஆறு ஏணியில் விழுந்தாலே ஒரு ஓட்டில் ஜெயிப்போம். ஏழுமே ஏணிதான், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியில் அந்த அம்மா உத்தரவு போட்டார். சஸ்பெண்ட் என்பது வேலையை விட்டு நீக்குவது அல்ல, ஏழு பேரும் தொழிலாளர்கள்தான், உறைகளைப் பிரித்து எண்ண வேண்டும். போனில் கேட்டதும் பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள்.

பிரிப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் அவன் பட்டறைக்கு வந்தான். ஏழு பேரில் ஒருவன். கீழப்பழுவூர் பக்கம் அவனுக்கு வீடு. என் சித்தப்பா மகளைக் கட்டியவன், எனக்கு மாப்பிள்ளை முறை. ஆலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். கேட்டில் உட்கார்ந்த அன்றும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். பைக்கை வரப்பிலேயே போட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்தான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தான்.

"மச்சான், அந்தக் கவர பிரிக்க வேணாம்னு சொல்லிடு."

எனக்குப் புரியவில்லை. உத்தரவே வந்துவிட்டது, இதற்காகத்தானே இத்தனை நாள் அலைந்தோம் என்றேன். அவன் பட்டறை நிழலுக்குப் போய் என்னையும் கூப்பிட்டான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

தேர்தலுக்கு முந்தின வாரம் விளக்குச் சங்கத்துக்காரர் ஒருவர் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்மா வழியில் அவனுக்குப் பெரியப்பா முறை. எங்களுக்கெல்லாம் தெரிந்தவர்தான், அவர்கள் தரப்பு ஏஜெண்டும் அவர்தான். வாசலில் நிற்காமல் உள்ளே போய், அவன் மனைவியிடம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு, நம்ம பக்கம் ஒரு ஓட்டுப் போடு, உன்னை உள்ளே எடுக்க வைப்பது என் பொறுப்பு என்றிருக்கிறார். இவன் தலையை ஆட்டியிருக்கிறான். அதோடு அவர் விடவில்லை. அவன் மகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, புள்ள தலையில கைய வச்சுச் சொல்லு என்றிருக்கிறார்.

அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு வரும். ஒருமுறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்து பிழைத்தது. அந்தத் தலையில் இவன் கையை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

"அப்ப விளக்குல குத்திட்டியா?" என்றேன்.

இல்லை என்று தலையாட்டினான். "உள்ள போயி முத்திரைய கையில எடுத்தேன் மச்சான். ஏணிய பாத்தா பாப்பா மொகம் வருது. விளக்க பாத்தா உன் மொகம் வருது. வெளிய சீக்கிரம்ங்கறாங்க. ரெண்டுக்கும் நடுவுல கோடு இருந்துச்சு. அதும் மேல வச்சு அழுத்திட்டு வந்துட்டேன்."

கோட்டின் மேல் குத்தினால் சத்தியத்தை மீறியதாகவும் ஆகாது, எங்களைக் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகாது என்று அவன் நினைத்திருக்கிறான். செல்லாத ஓட்டாகப் போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆயிரம் ஓட்டுக்குள் கிடந்தால் தெரிந்திருக்காதுதான். இப்போது ஏழே ஏழு உறை.

அவனைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் மனதுக்குள் கணக்குத்தான் ஓடியது. இவன் ஓட்டு செல்லாது என்றாலும் மீதி ஆறும் ஏணி. நான்கைக் கழித்தால் இரண்டு மிச்சம். ஜெயிக்கிறோம். அதைத்தான் அவனிடம் சொன்னேன். உறையின் மேல்தான் பேர் இருக்கிறது, உள்ளே இருக்கும் சீட்டில் இல்லை, கலந்துவிட்டுப் பிரிக்கச் சொல்கிறேன், உன் பேர் வராது, நானும் செத்தாலும் சொல்லமாட்டேன் என்றேன். அவன் சொம்பில் இருந்த தண்ணீரை அப்போதுதான் குடித்தான். போகும்போது, "போயிட்டு வரேன் மச்சான்" என்றவன், பைக்கை ஸ்டார்ட் செய்ய முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் அந்த அம்மாவின் அறையில் ஒரு பக்கம் நான், எதிரில் அந்தப் பெரியப்பா. வெளியே வராந்தாவில் எங்கள் ஆறு பேரும் நின்றார்கள். நான் கேட்பதற்கு முன்பே அந்த அம்மா மேல் உறைகளைப் பிரித்து ஓரமாக வைத்து, உள்ளே மடித்திருந்த சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கையால் நன்றாகக் கலக்கினார். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து எங்கள் இரண்டு பேருக்கும் காட்டி வைத்தார்.

முதல் சீட்டு ஏணி. இரண்டாவது ஏணி. மூன்றாவது கோட்டின் மேல் இருந்தது. அதைத் தனியாக வைத்தார். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். அடுத்து ஏணி, அடுத்து ஏணி. ஆறாவது சீட்டைப் பிரித்தார். விளக்குக் கட்டத்துக்கு நட்டநடுவில், அழுத்தமாக, தெளிவாக ஒரு முத்திரை.

சீட்டு மாறிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. ஏற்கெனவே எண்ணிக் கட்டிவைத்த சீட்டுகளிலிருந்து வந்து விழுந்துவிட்டது என்று. அந்த அம்மா பின்னால் இருந்த கையெழுத்தையும் வரிசை எண்ணையும் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியாக வராந்தா தெரிந்தது. ஆறு பேரும் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்திலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எங்களில் மூத்தவர், கிரேன் ஓட்டுகிறவர், அண்ணன் என்போம், அவர் என்னைப் பார்த்து என்ன என்று கையால் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏழாவது ஏணி.

ஏணிக்கு ஐந்து கூடியது, விளக்குக்கு ஒன்று கூடியது. இரண்டும் சரிசமம். மேஜையில் அந்த ஒரு சீட்டு மட்டும் மிச்சம்.

அந்த அம்மா விதியைப் படித்துக் காட்டினார். முத்திரை கோட்டில் விழுந்தால் எந்தக் கட்டத்தில் அதிகம் விழுந்திருக்கிறதோ அந்தக் கட்டத்துக்கு. இரண்டிலும் சமமாக இருந்து பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் செல்லாது. செல்லாது என்றால் சமநிலை, மறு ஓட்டெடுப்பு. எனக்கு அது போதும். இது செல்லாதுங்கம்மா, இது யாருக்கும் போடணும்னு குத்துனது இல்லங்க, கோட்டுக்குன்னே குத்துனது என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பார்த்தாலே தெரிகிறதே என்று ஏதோ சொன்னேன். எதிரே இருந்தவர் பேசத் தொடங்கினார். குத்தியவர் விளக்குக்குத்தான் குத்தியிருக்கிறார், பதற்றத்தில் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்றார். யாருடைய பதற்றம் என்று அவருக்குத் தெரியாது. தான் சோறு சாப்பிட்ட வீட்டுக்காரனின் சீட்டு அது என்று தெரியாமலே அதற்காக வாதாடினார். ஆறாவதாக வந்த அந்தத் தெளிவான முத்திரையைத்தான் அவன் போட்டது என்று நினைத்திருப்பார்.

அந்த அம்மா ஸ்கேலையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்துபோய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்து, நீங்களே பாருங்க என்றார்.

பார்த்தேன். வட்ட முத்திரை. கோடு அதன் நடுவில் போகவில்லை. ஒரு நூல் அளவுக்கு விளக்குப் பக்கம் அதிகமாக இருந்தது. கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் அந்த நூல் அளவு அங்கேயேதான் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னேன்தான், இது சமம்தாங்கம்மா என்று. அவர் என் கையிலிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, எனக்கு அப்படித் தெரியல" என்றார்.

விளக்கு ஒரு ஓட்டில் ஜெயித்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் சொன்னேன். ஒன்று விளக்கில் விழுந்தது, ஒன்று கோட்டில் விழுந்து அதையும் விளக்குக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று. யாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் மட்டும் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அவருக்கு ரிட்டையர் ஆக இரண்டு வருஷம்தான் இருந்தது.

நான் பைக்குகள் நின்ற இடத்துக்குப் போனேன். அவன் பின்னாலேயே வந்தான். சுவர்ப் பக்கமாக என்னை இழுத்து நிறுத்தினான்.

"எந்தப் பக்கம் மச்சான் அதிகமா இருந்துச்சு?"

"விளக்குப் பக்கம்."

அவன் மூச்சை விட்டான். அந்த மூச்சு எனக்கு இன்னும் கேட்கிறது. நிம்மதியாக விட்ட மூச்சு. கண்ணில் தண்ணீர் கொட்டியது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மச்சான்?"

அவனை அடித்துவிடலாம் என்று இருந்தது. ஏழு குடும்பம் தெருவில் நிற்கிறது, இவன் சத்தியம் தப்பவில்லை என்று மூச்சு விடுகிறான். ஆனால் அந்தப் பிள்ளை தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும் நான் அவனோடு அந்த வராந்தாவில் இருந்தவன். ஒண்ணும் ஆகாது மாப்ள என்றேன். சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவன் பைக்கில் ஏறவில்லை. குன்னம் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வாசலில் அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விளக்குச் சங்கம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அதில் நாங்கள் இல்லை. விசாரணை முடிந்து என்னையும் அண்ணனையும் இன்னும் மூன்று பேரையும் டிஸ்மிஸ் செய்தார்கள். ஒருவன் அதற்கு முன்பே திருப்பூருக்குப் போய்விட்டான். என் மாப்பிள்ளையை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

மிச்சப் பேர் வழக்கு விஷயமாக அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் கூடுவோம். அவனை உள்ளே எடுத்த செய்தி வந்த அன்று யாருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. விளக்கில் குத்தியவன் அவன்தான், அதற்குத்தான் வேலை. அவன் இல்லை என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அண்ணன் கேட்டார். அந்த அம்மா கேட்ட அதே கேள்வி. அப்போதும் நான் வாயை மூடிக்கொண்டேன். தங்கச்சி புருஷன், அதான் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறான் என்று ஒருவர் சொன்னார். அவன் குத்தியது கோட்டில் என்று சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும். தோற்கடித்ததே அந்த ஓட்டுதான்.

ஒரு மாசம் போயிருக்கும். நான் சோளக்காட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அவன் வந்தான். இளைத்துப் போயிருந்தான். கேன்டீனில் ஏணிக்காரர்கள் யாரும் அவன் பக்கத்தில் உட்காருவதில்லையாம். அது பரவாயில்லை, விளக்குக்காரர்கள் வந்து நம்ம ஆளு என்று தோளைத் தட்டுவதுதான் தாங்கவில்லை என்றான். எல்லாரிடமும் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றான். சொன்னால் இன்னும் கேவலமாகத்தான் போகும் என்று நான் தடுத்துப் பார்த்தேன்.

"நான் பண்ணதுக்குத் திட்டட்டும் மச்சான். பண்ணாததுக்கு வேணாம்."

அடுத்த முறை கூடியபோது என்னோடு டீக்கடைக்கு வந்தான். நின்றுகொண்டே சொன்னான். பெரியப்பா சாப்பிட்டது, பிள்ளை தலையில் கை வைத்தது, முத்திரையைக் கோட்டின் மேல் அழுத்தியது, விளக்குப் பக்கம் என்றதும் தான் மூச்சு விட்டதுவரை. ஒன்றையும் மறைக்கவில்லை. கடைக்காரர்கூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அண்ணன் அவனைப் பார்க்கவே இல்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப விளக்குல குத்துனது யாரு?"

ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். ஒருவர் பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். அண்ணனே தன் கேள்விக்குப் பதில் வராது என்று தெரிந்த மாதிரி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அன்றைக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. வழக்கு விஷயம் எல்லாம் போனில்தான். அது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போகிறேன். எல்லாரும் என் வீட்டுக்கு வருகிறார்கள். ஒவ்வொருவர் கையிலிருந்தும் வெற்றிலைத் தட்டை வாங்கும்போது, இந்தக் கையா என்று ஒரு கணம் மனது கேட்கிறது. அண்ணன் கையைக்கூட அது விடுவதில்லை.

இப்போது லோடு வண்டி ஓட்டுகிறேன். குன்னத்திலிருந்து பருத்தி, சோளம், பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து வெங்காயம், எது கிடைக்கிறதோ அது. வழக்கு திருச்சி தொழிலாளர் நீதிமன்றத்தில் கிடக்கிறது. போன வாய்தாவுக்கு நான் மட்டும்தான் போனேன். கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால் அவன். ஆலை யூனிபார்மோடேயே வந்திருந்தான். எதுக்கு வந்தே என்றேன். சும்மா என்றான். எங்கள் வழக்கைக் கூப்பிட்டு இரண்டு நிமிஷத்தில் தள்ளிவைத்தார்கள். வெளியே வந்து ஆளுக்கொரு பன் வாங்கித் தின்றோம்.

அடுத்த வாய்தாவுக்கும் வரேன் என்றான். வேணாம் மாப்ள, எதுக்கு லீவுன்னு கேப்பாங்க என்றேன்.

"கேக்கட்டும்" என்றான்.